கி.பி. 915-இல் தென்முனை: அன்சிவ் மோடுக்கு நாகரிகங்களைத் தேர்ந்தெடுத்த பதிவு

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து விழிஞம் வரையுள்ள நிலத்தை நடுவில் வைத்து, வடக்கே தஞ்சாவூர், மேற்கே மகோதயபுரம் (இன்றைய கொடுங்கல்லூர்), கிழக்கே அனுராதபுரம் வரை விரியும் ஒரு வரைபடம். அதில் ஆடக்கூடிய நாகரிகங்கள் ஐந்து, நகர்-அரசுகள் (ஆடுபவர் எடுக்க முடியாத, ஏஐ நடத்தும் ஒற்றை நகர்கள்) இரண்டு. ஆட்டம் அன்சிவ். சிவிலைசேஷன் 5-இன் விதிகளைப் பின்பற்றும் இலவச, திறந்த மூல ஆட்டம் இது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் கணினியிலும் ஓடும். விதிகள் முழுவதும் ஜேசன் என்னும் எளிய உரைக் கோப்புகளில் இருப்பதால் நிரல் எழுதத் தெரியாதவரும் மாற்றலாம். கோப்பு வேலை எளிது. யாரை ஆட விடுவது, யாரை விடக்கூடாது என்ற முடிவுதான் மோடின், அதாவது இப்படி மாற்றியமைத்த பதிப்பின், பெரும்பகுதி நேரத்தைத் தின்கிறது.

குமரி மாவட்டத்தில் இப்படி ஒன்று செய்கிறோம் என்றாலே முதலில் வரும் கோரிக்கை குளச்சல் போர். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியைக் கடற்கரையிலேயே மடக்கியதும், பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் அடக்கமானதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் அந்த ஆண்டு நாகரிக ஆட்டத்துக்கு ஒத்துவராது. டச்சுக்காரர்களுக்கு இந்த நிலத்தில் வயலும் இல்லை, குடியும் இல்லை. கொச்சியிலும் கொழும்பிலும் கோட்டை, தலைமையிடம் படேவியா. காயங்குளம், கொட்டாரக்கரை, கொல்லம் மூன்றும் சில ஆண்டுகளுக்குள் திருவிதாங்கூரில் கரைந்துவிடுகின்றன. மார்த்தாண்டவர்மாவை எடுப்பவர் வெல்வார், மற்றவர்கள் காத்திருந்து தோற்பார்கள். குளச்சலை ஒரே போராக, கட்டப்பட்ட கோட்டைகளும் எண்ணிவைத்த படைகளுமாகத் தனிக் காட்சியாகச் செய்வதே சரி. நாகரிகப் பட்டியலுக்குள் அதைத் திணிக்கக் கூடாது.

குமரிக்கண்டத்தையும் கேட்பார்கள். அரசன் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு என்று கல்வெட்டில் ஒன்றும் இல்லாத நாட்டை வரலாற்று ஆட்டத்தில் வைக்க வழியில்லை. கற்பனை வரைபடமாகத் தனியே செய்தால் நன்றாகவே இருக்கும்.

ஆகவே முதல் வேலை ஆண்டைப் பிடிப்பது. அரசர்களை முதலில் பட்டியலிட்டால் கரிகாலனும் ராஜராஜனும் சேரன் செங்குட்டுவனும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்டைப் பிடித்தால் அன்று உயிரோடு இருந்தவர் மட்டும் வருவார்கள். 915 கிடைத்தது இப்படித்தான். சிதறால் மலைக் கல்வெட்டு ஒன்று, விழிஞம் பக்கத்தை ஆண்ட சிற்றரசான ஆய் நாட்டு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அவன் 885 வாக்கில் பட்டமேறியவன் என்பதால் கணக்கு 913-க்குப் பக்கத்தில் விழுகிறது. அந்த நேரத்தில் தஞ்சையில் முதலாம் பராந்தகன் (907–955). மதுரையில் இரண்டாம் ராஜசிம்மன். மகோதயபுரத்தில் சேரப் பெருமாள் கோதை இரவி. அனுராதபுரத்தில் ஐந்தாம் காசியப்பன் (914–923). பராந்தகன் மதுரையை விழுங்கப் பார்க்கிறான், ஈழத்திலிருந்து பாண்டியனுக்குப் படை வருகிறது, சுமார் 915-இல் வெள்ளூரில் அந்தக் கூட்டுப்படை சோழனிடம் தோற்கிறது. பிறகு ராஜசிம்மன் மணிமுடியைக் கொண்டுபோய் ஈழத்தில் வைத்துவிட்டுத் தாய்வழிச் சேர நாட்டில் ஒதுங்குகிறான். ஆய், சோழன், பாண்டியன், சேரன், ஈழம் என்ற இந்த ஐவருக்கும் ஒருவரோடொருவர் ஏற்கெனவே தீராத கணக்கு இருக்கிறது. சண்டைக்குக் காரணத்தை நாம் உருவாக்கவே வேண்டாம்.

ஆண்டு முடிவானதும் ஒவ்வொரு பெயரையும் நான்கு கேள்விகளில் நிறுத்தினோம். தலைநகர் வரைபடத்துக்குள் விழுகிறதா? சொந்தமாகச் சோறும், பிறர் கேட்டு வரும் ஒரு பொருளும் உண்டா? பக்கத்து நாட்டுக்குள் போக வேண்டிய காரணம் உண்டா? நகரப் பட்டியலை நிரப்பும் அளவு அந்தக் காலத்து ஊர்ப் பெயர்கள் கிடைக்கின்றனவா? நான்கில் ஒன்று தவறினாலும் ஆடும் நாகரிகமாக வைப்பதில்லை.

பல்லவர் முதல் கேள்வியிலேயே போனார்கள். காஞ்சி வரைபடத்துக்கு வெளியே, அவர்கள் ஆட்சியும் அதற்குள் முடிந்திருந்தது. ராஷ்டிரகூடரும் அப்படியே. தக்கோலப் போர் நடந்த 949-இல் அவர்கள் சோழனுக்குப் பேரிடிதான், ஆனால் வரைபடத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. வேணாடுதான் கடினமான முடிவு. கொல்லத்தில் துறைமுகம் செழிப்பாக இருக்கிறது, அய்யனடிகள் 849-இல் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொடுக்கிறார். ஆனால் அந்தச் செப்பேடே சேரன் தாணு இரவியின் ஆட்சியாண்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேலாளுகை சேரனுடையது என்பதால் கொல்லம் வணிக வகை நகர்-அரசாக வைக்கப்பட்டது. கொடும்பாளூர் இருக்குவேளிர் படைவகை நகர்-அரசு.

ஆய் நாட்டை எடுத்ததில்தான் இந்த மோடுக்குத் தனி முகம் கிடைத்தது. பெரிய ஸ்டுடியோக்கள் தென்னாட்டைத் தொடும்போது சோழரோடு நின்றுவிடுகின்றன. சிவிலைசேஷன் 7-இல் சோழர், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 2022-இல் வந்த திராவிடியன்ஸ். இரண்டிலும் கப்பல் உண்டு, ஆனால் மூவேந்தருக்கு இடையில் நசுங்காமல் நின்ற சிறு அரசின் ஆட்டம் இல்லை. வலியவனை வளர்த்துப் பெருக்குவதைவிட எளியவனைத் தாக்குப்பிடிக்க வைப்பதில் சுவை அதிகம்.

அடுத்தது அளவு. வரைபடத்தின் அறுகோணக் கட்டம் ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 8 கி.மீ. என்று வைத்தால் ஒரு கட்டம் சுமார் 55 சதுர கி.மீ. குமரி மாவட்டம் முழுவதும் ஏறக்குறைய 30 கட்டங்களில் அடங்கும். முழு வரைபடம் 72-க்கு 44, அதாவது 3,168 கட்டங்கள். அன்சிவின் 'லார்ஜ்' அளவு (ஆரம் 30) 2,791 கட்டங்கள், 'ஹியூஜ்' (ஆரம் 40) 4,921. இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் நடுத்தரக் கைபேசியிலும் ஓடும், ஆனால் கடைசி டர்ன்களில் (ஆட்டச் சுற்றுகளில்) ஏஐ யோசிக்கும் நேரம் நீளும்.

இந்த அளவில் உடனே ஒரு முட்டுக்கட்டை. அன்சிவில் நகருக்கும் நகருக்கும் குறைந்த இடைவெளி 3 என்று இருக்கிறது. அதாவது நான்காவது கட்டத்தில்தான் அடுத்த நகர் எழும். விழிஞத்திலிருந்து முஞ்சிறை 23 கி.மீ., மூன்றே கட்டம். ஆட்டம் அனுமதிக்காது. முஞ்சிறையிலிருந்து கோட்டாறு 31 கி.மீ., நான்கு கட்டம், அனுமதிக்கும். ஆய் நாட்டின் இரண்டு முக்கிய ஊர்கள் ஒன்றையொன்று தடுத்துவிட்டால் அந்த நாகரிகத்துக்கு உயிரே இல்லை.

இதற்கு இரண்டு வழி. மோட் ஆப்ஷன்ஸ் கோப்பில் கான்ஸ்டன்ட்ஸ் பகுதியில் 'மினிமல் சிட்டி டிஸ்டன்ஸ்' மதிப்பை 2 ஆக்கலாம். இதைச் செய்தால் ஏஐ எங்கு பார்த்தாலும் நெருக்கி நெருக்கி ஊர் வைக்கும், காவிரிப் படுகையில் சோழனுக்குப் பத்துப் பன்னிரண்டு நகர் முளைத்துவிடும். மற்றொரு வழி வரைபடத்தின் தெற்குப் பகுதியை மட்டும் இழுத்து வரைவது. பொதியில் மலைக்குத் தெற்கே ஒரு கட்டத்தை 6 கி.மீ. என்று வைத்தால் விழிஞம்–முஞ்சிறை நான்கு கட்டமாகும், முஞ்சிறை–கோட்டாறு ஐந்து. நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. அளவுப் பிசகு கண்ணுக்குத் தெரியாது. பழைய நாட்டுப் படங்கள் எல்லாமே வேண்டிய இடத்தைப் பெரிதாக வரைந்தவைதான்.

குமரிமுனையில் ஒரு நகர்-அரசு வைக்க ஆசை வரும். வைக்கக்கூடாது. கோட்டாற்றுக்கும் குமரிக்கும் 16 கி.மீ.தான், இழுத்து வரைந்தும் மூன்று கட்டம். குமரியில் நகர் நின்றால் கோட்டாற்றில் எழாது. கோட்டாறோ இந்த வரைபடத்தின் கனி. தாலமி குறித்துவைத்த ஊர், பின்னாளில் சோழர் பிடித்து மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றிய ஊர். அதை ஆளில்லாமல் விட்டு, பழையாற்றின் இருகரையிலும் ஆறு கட்டங்களில் நெல் வைத்தோம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் நாஞ்சில் நாட்டு ஏலாக்கள் (வயல்வெளிகள்) அவை. யார் முதலில் குடியேற்றுபவரை அனுப்புகிறாரோ அவருக்கு. ஆய் விழிஞத்திலிருந்து வருவான், பாண்டியன் ஆரல்வாய்மொழி வழியாக வருவான். முதல் 20 டர்னிலேயே இருவரும் முகம் பார்த்துவிடுவார்கள். குமரிமுனைக்குப் பக்கத்தில் மருந்துவாழ் மலையை இயற்கை அதிசயமாக வைத்து, அதை ஒட்டி நிற்கும் படை கூடுதலாகக் குணமாகும்படி எழுதினால் அந்த மூலைக்கும் ஆள் வருவார்கள்.

அன்சிவின் மூல விதிகளில் நெல் கிடையாது. டைல் ரிசோர்சஸ் கோப்பில் 'போனஸ்' வகையாகச் சேர்க்க வேண்டும். புல்வெளியில் மட்டும் வரும், பண்ணை போட்டால் உணவு 1 கூடும், களஞ்சியம் இருந்தால் இன்னொன்று. படம் வைக்க மறந்தால் வெறும் வட்டம்தான் தெரியும்.

குதிரையை வரைபடத்திலிருந்து முழுக்க எடுத்துவிட்டோம். தென்னாட்டு அரசர்கள் குதிரையைக் கடல்வழியே அரபு நாட்டிலிருந்து வாங்கியவர்கள். நிலத்தில் குதிரைக் கட்டம் வைத்தால் வரலாறே கோணும். அதற்குப் பதிலாகக் 'குதிரைத்துறை' என்று ஒரு கட்டடம், கடற்கரை நகரில் மட்டும் கட்டலாம், பராமரிப்பு டர்னுக்கு 3 பொன், இரண்டு குதிரை தரும். 'புரவைட்ஸ்' என்று தொடங்கும் யுனிக் வரி (சிறப்பு விளைவைச் சொல்லும் வரி) இதற்குப் போதும். பொன் இல்லாதவனிடம் குதிரைப்படை இருக்காது. யானை இதற்கு நேர்மாறு. அதை 'ஸ்ட்ராடஜிக்' வகை (படை கட்டத் தேவைப்படும்) வளமாக்கி மேற்குத் தொடர்ச்சி மலையோரக் காடுகளில் மட்டும் வைத்தோம். அதில் பெரும்பங்கு ஆய்க்கும் சேரனுக்கும் விழும். யானைப்படை எல்லாருக்கும் பொதுவான படை, ஆனால் காடு வைத்திருப்பவன்தான் கட்ட முடியும். ஆடம்பரப் பொருள்கள் ஒருவருக்கு ஒன்று: ஆய்க்குப் பொதியில் சந்தனம், சேரனுக்கு மிளகு, சோழனுக்குப் பருத்தி, ஈழத்துக்கு மணிக்கல். பாண்டியனின் முத்தை மட்டும் மன்னார் வளைகுடாவின் நடுவில் வைத்தால் கொற்கைக்கும் ஈழத்துக்கும் ஓயாத இழுபறி.

ஊர்ப் பெயர்ப் பட்டியலை அலட்சியப்படுத்தக் கூடாது. அன்சிவ் பட்டியல் வரிசைப்படி பெயர் வைக்கும், முதல் பெயரே தலைநகர். தீர்ந்துபோனால் 'நியூ' என்று முன்னொட்டு ஒட்டும். 'நியூ விழிஞம்' என்று திரையில் தெரிந்தால் ஆட்டத்தின் மணமே போய்விடும். ஒரு நாகரிகத்துக்குக் குறைந்தது 15 பெயர் வேண்டும். சோழனுக்கும் பாண்டியனுக்கும் கவலையில்லை. ஆய்க்குத் தேட வேண்டும்: விழிஞம், பார்த்திவசேகரபுரம், காந்தளூர், திருச்சாரணம் (இன்றைய சிதறால் மலை), திருநந்திக்கரை, திருவட்டாறு, சுசீந்திரம் என்று போகும். பார்த்திவசேகரபுரமும் முஞ்சிறையும் நிலத்தில் ஒட்டியே இருப்பவை. பட்டியலில் ஒன்றை மேலேயும் மற்றதைக் கடைசியிலும் போடலாம், பெயர் இடத்தைக் கட்டாது. நாகர்கோவில், தக்கலை போன்ற பின்னாளைய பெயர்களை நிரப்பியாகச் சேர்ப்பதைவிட, கல்வெட்டில் வரும் சிறு ஊர்களைச் சேர்ப்பது மேல். சேரன் பட்டியலிலும் இதே ஒழுங்கு. 915-இல் மகோதயபுரம்தான் தலைநகர், சங்க காலத்து வஞ்சியை அங்கே கலக்கக்கூடாது. கங்கைகொண்ட சோழபுரம் அடுத்த நூற்றாண்டுச் சரக்கு, சோழன் பட்டியலில் அது இல்லை.

தனித்தன்மைகளில் ஆயின் சாலையைத்தான், அதாவது அக்காலக் கல்விக்கூடத்தைத்தான், அதிகம் செதுக்கினோம். கருநந்தடக்கனின் செப்பேடு, 866 வாக்கிலானது, முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எழுப்பி, காந்தளூர் மரபுப்படி 95 சட்டர்களுக்கு (வேத மாணவர்களுக்கு) சாலை அமைத்ததைச் சொல்கிறது. வேதப் பிரிவுப்படி பவிழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. சேர்க்கைக்கு வருபவருக்கு 'திரைராஜ்ய வ்யவஹாரம்' தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடப்பும் அறிந்தவர் என்று பொருள். சிறிய நாடு பெரிய நாடுகளுக்கு நடுவில் பிழைக்கும் வழியே அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. இதை ஆட்டத்தில் மூன்று வரியாக மாற்றினோம். சாலை நூலகத்துக்குப் பதிலாக வரும் கட்டடம், விலை 75-க்குப் பதில் 85. நூலகத்தின் அறிவியல் அப்படியே, கூடவே பண்பாடு 2. நகர்-அரசுகளிடம் பெற்ற செல்வாக்கு தேய்வது 25 விழுக்காடு குறையும்.

பல்கலைக்கழகத்துக்குப் பதிலாக வைத்தால் என்ன என்று தோன்றும். அந்தத் தொழில்நுட்பம் வருவதற்குள் பலவீனமான ஆய் செத்திருப்பான். சிறிய நாகரிகத்தின் பலம் முதல் 30 டர்னுக்குள் கைக்கு வர வேண்டும். பண்பாடு 2 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. அன்சிவின் ஏஐ கட்டடத்தைத் தேர்வது உணவு, உற்பத்தி, பொன், அறிவியல், பண்பாடு போன்ற எண்களைப் பார்த்துத்தான். 'செல்வாக்கு தேயாது' போன்ற சொல்வரிகளுக்கு அது மதிப்புப் போடாது. எண் ஒன்றும் கூடாத தனிக் கட்டடத்தை ஏஐ ஆடும் ஆய் கடைசிவரை தள்ளிப்போடும்.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்றே போதும் என்று நிறுத்தினோம். பாண்டியனுக்கு ஆபத்துதவிகள்: வாள்வீரனுக்கு மாற்று, சொந்த எல்லைக்குள் 20 விழுக்காடு வலு கூடும். ஈழத்துக்குக் குளம், ஆற்றோரம் இல்லாத நகரிலும் பண்ணைகளுக்கு உணவு கூட்டும். சோழனுக்குக் கலம், ட்ரைரீம் என்னும் தொடக்கக் காலப் போர்க்கப்பலுக்குப் பதில், ஓட்டம் ஒன்று கூடுதல். சேரனுக்கு மிளகு விற்பனையில் பொன்.

கோப்பு வேலையில் சறுக்கும் இடங்கள் சில. நேஷன்ஸ் கோப்பில் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழை மொழிபெயர்ப்புக் கோப்பில் தர வேண்டும். படை, கட்டடம், படத்தின் பெயர் எல்லாம் அந்த மூலப் பெயரைத்தான் தேடும், ஓர் எழுத்து பிசகினாலும் தனிப்படை யாருக்கும் சேராமல் அநாதையாகும். அன்சிவுக்கு அடியில் ஓடும் லிப்ஜிடிஎக்ஸ் நிரல்தொகுப்பு எழுத்தெழுத்தாக வரைவதால் கொம்பும் இணைகொம்பும் இடம் மாறித் தெரிகின்றனவா என்று கைபேசியில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அவுட்டர் கலர், இன்னர் கலர் இரண்டும் நெருங்கினால் நகரின் பெயர் படிக்க முடியாது. பாண்டியனுக்கும் ஈழத்துக்கும் நீலத்தின் இரு சாயல்களைக் கொடுத்தால் சிறு வரைபடத்தில் ஒரே நாடாகத் தெரியும். நாட்டுச் சின்னப் படம் ஒளிபுகும் பின்னணியில் வெள்ளையாக இருக்க வேண்டும், நிறத்தை ஆட்டமே பூசும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அமைப்புகளில் உள்ள 'லொகேட் மோட் எரர்ஸ்' பக்கத்தை ஓட்டினால் இவற்றில் பெரும்பாலானவை சிவப்பிலும் மஞ்சளிலும் வந்து நிற்கும்.

காலத்தைப் பூட்டுவதற்கு ஸ்பீட்ஸ் கோப்பு. தொடக்க ஆண்டு 915, டர்னுக்கு ஓர் ஆண்டு, 100 டர்ன். நூறாவது டர்ன் 1014, ராஜராஜன் மறைந்த ஆண்டு. இடைக்காலத்துக்கு மேற்பட்ட தொழில்நுட்பங்களை நீக்காவிட்டால் யாராவது துப்பாக்கியோடு வந்து நிற்பார்கள். ஆனால் தொழில்நுட்பத்தை மட்டும் நீக்கினால் அதைக் கேட்கும் படைகளும் கட்டடங்களும் பிழையாக வரிசைகட்டும். மூல விதித்தொகுப்பு ஒன்றை அப்படியே நகலெடுத்து, 'ஈஸ் பேஸ் ரூல்செட்' என்பதை ட்ரூ ஆக்கி, தேவையற்றதை அதிலிருந்து வெட்டுவதே சுத்தமான வழி.

ஏஐ மட்டும் ஆட, பார்வையாளராக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் தேர்வின் ஓட்டைகள் தெரியும். முதலில் தெரிவது சோழனின் வீக்கம். வடக்கே பல்லவனும் ராஷ்டிரகூடனும் இல்லாததால் முதுகுக்குப் பயமில்லை, முன்னால் முழுப் படுகை. வரைபடத்தைக் கொள்ளிடத்தோடு வெட்டி, நெல் கட்டத்தை எட்டாகக் குறைத்து, முத்துப்பேட்டை–கோடியக்கரைப் பக்கத்தைச் சதுப்பாக்கியதும் அவன் வளர்ச்சி மட்டுப்பட்டுத் தெற்கே பார்க்கத் தொடங்குகிறான். ஈழம் தீவுக்குள்ளேயே குந்தியிருக்கும். 'ஸ்டார்ட்ஸ் வித்' யுனிக்கால், படைகளைக் கடலில் இறங்க விடும் ஆப்டிக்ஸ் தொழில்நுட்பத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்து, தலைமன்னாருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே கடலை முழுக்க ஆழமற்ற கரைக்கடலாக வைத்தால் படை இறங்குகிறது.

மலையில் வேறு சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்க முடியாத கட்டமாக வரைந்து ஆரல்வாய்மொழியை ஒரே கட்டமாக விட்டால், பாண்டியப் படை ஒருவர் பின் ஒருவராக அடைத்து நிற்கும். முன்னால் நிற்கும் படை காயம்பட்டுத் திரும்ப வழி கேட்கும், பின்னால் வருபவன் விடமாட்டான், இருபது டர்ன் அப்படியே போகும். கணவாயை இரண்டு கட்ட அகலமாக்கி இரண்டையும் குன்றாக வைத்தால் நெரிசல் தீர்கிறது, காப்பவனுக்கும் சாதகம் குறைவதில்லை. செங்கோட்டைக் கணவாய் ஒரு கட்டமே இருக்கலாம், அங்கே போக்குவரத்துக் குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நான்கு கட்டம்.

விழிஞமும் சமவெளியில் நின்றால் தாங்காது. பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்திலிருந்தே தாக்கப்பட்ட துறை அது. தொடக்கக் கட்டத்தைக் குன்றாக மாற்றினால் நகர வலு 5 கூடும். வரைபடத் திருத்தியில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் தொடக்க இடத்தைக் கையால் குறித்துவிடலாம், அப்போது 'ஸ்டார்ட் பயாஸ்' வரிக்கு வேலையில்லை. ஆயாக ஆடுபவர் விழிஞம் எழுந்தபின் வரும் முதல் குடியேற்றுபவரை முஞ்சிறையில் இறக்கிச் சாலையைக் கட்டத் தொடங்கி, இரண்டாவது ஆளை ஒரு ஈட்டிவீரனோடு பழையாற்றுக்கு அனுப்ப வேண்டும். ஈட்டிவீரன் இல்லாமல் அனுப்பினால் தோவாளைப் பக்கத்தில் கொள்ளையர் பிடித்துக்கொள்வார்கள், கோட்டாறு பாண்டியனுக்குப் போய்விடும்.